நூல் கட்டிப் பார்த்தால் 3 மி.மீ. வித்தியாசம், சைக்கிள் பிரேமை நிமிர்த்த முடியுமா?

அம்மாபேட்டைக்காரன்: வணக்கம். ஸ்டீல் குழாய் வாங்கி, லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) வைத்துப் பித்தளை ஊற்றி நானே கட்டிய முதல் பிரேம் இது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பக்கம் சுலபமாகச் சாய்கிறது, மறுபக்கம் வண்டியைத் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் ரிம் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. பின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் நிற்கும் ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்க டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டினேன். சீட்டைத் தாங்கும் சீட் டியூபிலிருந்து நூலுக்கு இடப்பக்கம் 30, வலப்பக்கம் 33 மி.மீ. இருக்கிறது. அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ஐந்து ரோடு லேத்: அறுக்காதீர்கள் தம்பி. முதலில் பின் சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ரிம் இடப்பக்கம் போனால் கோளாறு சக்கரத்தில், கோட்டம் எடுத்தால் முடிந்தது. திருப்பிய பிறகும் வலப்பக்கமே நின்றால்தான் பிரேம்.

அம்மாபேட்டைக்காரன்: திருப்பிப் பார்த்துவிட்டேன் அண்ணா, வலப்பக்கமேதான்.

ஐந்து ரோடு லேத்: சரி, அப்படியானால் நூல் சொல்வது நிஜம். இடப்பக்க இடைவெளி குறைந்தால் பின்பக்கம் வலதுக்கு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 3 மி.மீ. வித்தியாசம் என்றால் சீட் டியூப் இருக்கும் இடத்தில் விலகல் அதில் பாதி, 1.5தான், ஆனால் டிராப்அவுட் இன்னும் பின்னால் இருப்பதால் அங்கே ஏறக்குறைய 2.5 வரும். ஸ்டீல் என்பதால் சூடு காட்டாமலே வளைக்கலாம் (அலுமினியத்தில் இந்த வேலை கூடவே கூடாது). பிபி (பெடல் அச்சு சுழலும் குழாய்) பக்கத்தை அசையாமல் பிடித்து, பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் இரண்டு ஸ்டேயையும் ஒரே அளவு இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு முறையும் நூல் கட்டி அளந்து பாருங்கள். டிராப்அவுட் இடையே 130 மி.மீ. வைத்துக் கட்டியிருந்தால் அந்த 130 மாறக்கூடாது. அப்புறம் இரண்டு டிராப்அவுட்டிலும் நீளமான 10 மி.மீ. போல்ட்டை நட் போட்டு இறுக்குங்கள், முனைகள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்.

ஏற்காடு ஏறி: ஒன்று விட்டுவிட்டீர்கள். முறுக்கு இருந்தால் நூல் காட்டாது. முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, ஹெட் டியூபின் ஓரமும் சீட் டியூபின் ஓரமும் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக ஓடுகிறதா பாருங்கள். அடுத்த பிரேமில் எல்லா மூட்டிலும் புள்ளி மட்டும் வைத்து நூல் பிடித்த பிறகே முழுதாகப் பித்தளை ஊற்றுங்கள், ஒரு பக்கம் முதலில் ஆறினால் அந்தப் பக்கமே இழுத்துக்கொள்ளும்.

அம்மாபேட்டைக்காரன்: வலது செயின்ஸ்டேயைத்தான் (பிபியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் கீழ் ஸ்டே) முதலில் முழுசாக ஊற்றினேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வளைத்துவிட்டு அளவு போடுகிறேன்.