தளி, கெலமங்கலம் (கிருஷ்ணகிரி மாவட்டம்) 3ஆம் வகுப்பு வாசிப்பு: வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் எழுத்துகளைச் சரியாகச் சொல்கிறார்கள், சொல்லாகச் சேர்க்கும்போது நின்றுவிடுகிறார்கள். 'தம்பி'யில் பி, 'பங்கு'வில் கு, 'பகல்' சொல்லில் க, எல்லாவற்றையும் 'பக்கம்' போல அழுத்தியே ஒலிக்கிறார்கள். அப்படி ஒலித்த சொல் அவர்கள் காதில் கேட்ட சொல்லாக இல்லை, அதனால் பொருளும் பிடிபடுவதில்லை.

ஜூன் முதல் செய்தவை: 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியான குழுக்கள், தினமும் 10 நிமிடம் ஒலி பிரித்தல், சேர்த்தல், மாதம் ஒருமுறை தனித்தனியாக ஒரு நிமிட வாசிப்புச் சோதனை. 'கொடி'யைக் 'கெடி' என்று படித்தது சரியாகிவிட்டது. கொம்பையும் துணைக்காலையும் ஒரே நிறத்தில் எழுதிய அட்டைதான் கைகொடுத்தது. வல்லின ஒலி மட்டும் அசையவில்லை. விதியாகச் சொன்னால் மறுநாளே மறந்துவிடுகிறார்கள், பாவம். இதே திட்டம் பென்னாகரம் பக்கம் நன்றாகவே போகிறது. அங்கே வீட்டிலும் தமிழ்தான்.

ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப ஆகியவற்றைப் பிரிக்காமல் ஒரே துண்டாக முதலில் பழக்கி, பிறகு 'பகல்' வகைச் சொற்களுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த வரிசை பலித்தது?