இரண்டு தூண் லிஃப்டில் ஒரு பக்கம் மட்டும் இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்து நிற்கிறது

கரூர் பட்டறை:
எங்களிடம் இருப்பது 4 டன் இரண்டு தூண் ஹைட்ராலிக் லிஃப்ட். மூடப்பட்ட ஒரு சர்வீஸ் நிலையத்திலிருந்து பழையதாக வாங்கியது. கிளட்ச் வேலை முடித்துப் பொலிரோவை இறக்கும்போது, மோட்டார் இருக்கும் வலப்பக்கம் மூன்று விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. இடப்பக்கம் அசையவே இல்லை. வண்டி ஐந்தடி உயரத்தில் சாய்ந்து நிற்கிறது. கொஞ்ச நாளாகவே ஏற்றும்போது இரு தூண்களிலும் லாக் (வண்டி கீழே விழாமல் படிப்படியாகப் பிடிக்கும் கொக்கி) விழும் ஓசை ஒன்றாக வராமல் முன்பின்னாக வருகிறது. எப்படி இறக்குவது? இதைத் தூக்கிப்போட்டுவிட்டு நான்கு தூண் லிஃப்டோ சிசர் லிஃப்டோ வாங்கலாமா? கூரை 11 அடி.

டீசல் குமரன்:
இடப்பக்க லாக்கைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு மெதுவாக இறக்குங்கள் அண்ணா. நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

பழைய ஃபிட்டர்:
நெம்பாதீர்கள்! இடப்பக்கப் பாரம் முழுவதும் இப்போது அந்த லாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தோடு நெம்பினால் எப்போது, எவ்வளவு விழும் என்று சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். நீங்கள் லாக் விடுவிக்கும் பிடியை இழுத்தபோது வலப்பக்க லாக் விலகியது, இடப்பக்கம் விலகவில்லை. இரு பக்கத்தையும் ஒரே மட்டத்தில் வைப்பதற்கென்று இரண்டு எஃகுக் கேபிள்கள் உண்டு. அவை இறுக்கமாக இருந்திருந்தால் வலப்பக்கம் மூன்று விரல் இறங்கியிருக்காது. தளர்வு தீர்ந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது. அதாவது வலப்பக்கப் பாரத்தைக் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கிறது. மட்டம் காப்பதுதான் அதன் வேலை. வண்டியைத் தாங்குவதற்கு அதை நம்பக் கூடாது.

முதலில் எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். தள்ளி நின்று வண்டியைத் தாங்கும் நான்கு கைகளின் முனைத் தாங்கிகளும் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று நழுவியிருந்தாலும் பொத்தானைத் தொடாமல் லிஃப்ட் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். எல்லாம் சரியென்றால் ஏற்றும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். வலப்பக்கம் மட்டத்துக்கு வந்து, இரு பக்கமும் லாக்கை விட்டு இரண்டு அங்குலம் எழ வேண்டும். அதன்பின் ஒருவர் இடத் தூணுக்கு வெளிப்புறம் நின்று அந்தப் பக்க லாக்கின் கம்பியை இழுத்துப் பிடிக்கட்டும். லாக் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகே இறக்குங்கள்.

கரூர் பட்டறை:
இறங்கிவிட்டது ஐயா, நன்றி. லாக் விடுவிக்கும் மெல்லிய கம்பியின் கிளாம்ப் நழுவியிருந்தது. இரு தூண்களுக்கும் நடுவே கேபிளை மூடியிருக்கும் தரைத் தகட்டைத் திறந்தால் கப்பி அருகே மட்டக் கேபிளில் சில இழைகள் அறுந்து, துருப்பிடித்திருக்கின்றன. இறுக்கிவிட்டால் போதுமா?

பழைய ஃபிட்டர்:
இழை அறுந்த கேபிளை இறுக்கக் கூடாது. இரண்டையும் மாற்றுங்கள். வண்டி இல்லாமல் ஏற்றி, இரு பக்கமும் ஒரே படி லாக்கில் உட்கார்ந்திருப்பதைத் தரையிலிருந்து அளந்து உறுதி செய்த பிறகே புதியதை இறுக்க வேண்டும். சோதிக்கும்போது துணியால் தடவுங்கள். வெறுங்கையால் தடவினால் இழை குத்தும். கேபிள் தரைத் தகட்டுக்குள் ஓடும் வகை என்பதால் வாட்டர் சர்வீஸ் தண்ணீர் அங்கேதான் தேங்கும். வண்டி கழுவுவதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: வேலை செய்யும் உயரம் வந்ததும் லாக்கின் மேல் இறக்கி உட்காரவைக்கிறீர்களா? பலர் எண்ணெய் அழுத்தத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு அடியில் நுழைகிறார்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஒரு சீல் போனால் போதும், வண்டி இறங்கிவிடும்.

அளவுகோல்:
வகை மாற்றுவது பற்றி என் கருத்து: உங்கள் வேலைக்கு இரண்டு தூணே சரி. சிசர் லிஃப்டுக்குக் கூரை உயரம் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் அதன் தளமும் கத்தரிக் கால்களும் பெரும்பாலும் கியர்பாக்ஸ் இறக்கும் இடத்தை மறைக்கும். நான்கு தூணில் வண்டி தன் சக்கரத்திலேயே நிற்கும். வீல் அலைன்மென்டுக்கு அருமை. ஆனால் பிரேக் வேலைக்குச் சக்கரத்தைத் தூக்கத் தனி ஜாக்கி வேண்டும். எதை வாங்கினாலும் கியர்பாக்ஸோ எஞ்சினோ கழற்றும்போது வண்டியின் எடை மையம் நகரும். இரண்டு தூணில் அதுதான் பெரிய ஆபத்து. கழற்றுவதற்கு முன்பே உயரமான ஸ்டாண்டு முட்டுக் கொடுங்கள்.

பழைய லிஃப்ட் என்கிறீர்களே, தூண்களை எதில் பதித்தீர்கள்?

கரூர் பட்டறை:
ஏற்கெனவே இருந்த டைல்ஸ் தரையில், ஆங்கர் போல்ட் (தரையில் துளையிட்டுப் பதிக்கும் போல்ட்) போட்டு. கீழே காங்கிரீட் நான்கு அங்குலம் இருக்கும் என்று மேஸ்திரி சொன்னார்.

அளவுகோல்:
அப்படியானால் கேபிளுக்கு முன்னால் இதைப் பாருங்கள். டைல்ஸ் மேல் தூண் நிற்கக் கூடாது. அடித்தகடு நேரடியாகக் காங்கிரீட்டில் உட்கார வேண்டும். தேவையான கனமும் கலவைத் தரமும் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மேஸ்திரியின் கணிப்பை நம்பாமல் துளையிட்டு அளந்து பாருங்கள். போதாவிட்டால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகக் காங்கிரீட் போட்டு, 28 நாள் இறுகவிட்டு, பிறகு தூணை நிறுத்துங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கும்போது பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் அந்தத் துளை இனி உதவாது. அதற்குள் சிமென்ட் ஊற்றி மீண்டும் அதே போல்ட்டைப் போடாதீர்கள்.