மறு: ஓட்டக் காலணிச் சொற்கள் – கவிழ்ப்பா, உட்சாய்தலா?

வணக்கம். ஓட்டக் காலணி பற்றிய நம் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக, ஓடும்போது பாதம் உள்பக்கம் சாயும் அசைவையும் (ப்ரொனேஷன்) அதன் எதிர்ப்பக்கத்தையும் (சூப்பினேஷன்) எப்படிச் சொல்லலாம் என்று நீங்கள் எழுதியதற்குப் பதில் இது.

> ப்ரொனேஷன் = கவிழ்ப்பு, சூப்பினேஷன் = மல்லாப்பு. லத்தீன் வேரும் அதுதான்.

வேர் சரிதான் ஐயா. ப்ரோனுஸ் என்றால் குப்புற, சுபீனுஸ் என்றால் மல்லாக்க. முன்கைக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது. உள்ளங்கை தரையைப் பார்த்தால் கவிழ்ப்பு, வானத்தைப் பார்த்தால் மல்லாப்பு. ஆனால் நிற்கிறவரின் பாதம் எப்போதும் குப்புறத்தானே இருக்கிறது? ஷூ வாங்க வந்தவரிடம் "உங்கள் பாதம் அதிகமாகக் கவிழ்கிறது" என்றால், தடுக்கி விழுவதைச் சொல்கிறோம் என்றுதான் நினைப்பார். கைக்கு ஒரு சொல், காலுக்கு ஒரு சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.

> உட்புரளல்?

வேண்டாம். 'கால் புரண்டுவிட்டது' என்றாலே வீக்கமும் கட்டும் நினைவுக்கு வரும். இது விபத்து அல்ல. குதிகால் ஊன்றி ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குதிகாலின் வெளியோரம்தான் முதலில் தரையைத் தொடுகிறது. பிறகு பாதம் உள்பக்கம் சாய, உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தாழ்ந்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அப்புறம் பாதம் விறைத்து, உந்தித் தள்ளுகிறது. அடிக்கு அடி இதே கதைதான்.

அதனாலேயே 'உட்சாய்வு' என்பதும் எனக்கு நெருடுகிறது. கூரைச் சாய்வு, தரைச் சாய்வு எல்லாம் அப்படியே நிற்கும் நிலை. நாம் பேசுவது அசைவு. 'உட்சாய்தல்' என்றால் அது தெரிகிறது. (போன மடலில் 'உள்வாங்கல்' என்று நானே எழுதியிருந்தேன். அதிர்வை உள்வாங்குவதும் வருகிறதே என்ற ஆசைதான். படித்தவர்களுக்குக் கடல்தான் உள்வாங்கியிருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

இனி அளவு. 'மிகை உட்சாய்தல்' பற்றி யாருக்கும் சண்டை இல்லை. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது சூப்பினேஷனுக்கு, 'வெளிச்சாய்தல்' என்று பட்டியலில் இருப்பதை மாற்ற வேண்டும். அந்த வகையினர் பலருக்கும் பாதம் உள்ளே சாயத்தான் செய்கிறது, போதிய அளவு சாய்வதில்லை, அவ்வளவே. 'குறை உட்சாய்தல்' என்பதே உண்மைக்குக் கிட்டே வருகிறது. பழைய ஷூவின் குதிகால் வெளியோரம் தேய்ந்திருப்பதைப் பார்த்து "எனக்கு வெளிச்சாய்தல்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. மேலே சொன்னபடி, அந்த இடம் பலருக்கும் தேயும்.

'தட்டைப் பாதம்' தனிச் சொல்லாகவே இருக்கட்டும். ஈரக்காலைத் தரையில் பதித்துப் பார்க்கும் தடம், நிற்கும்போதுள்ள வடிவத்தைத்தான் காட்டும், ஓடும்போது பாதம் எவ்வளவு சாய்கிறது என்பதை அல்ல. இரண்டையும் ஒரே பதிவில் போட்டால் குழப்பம்தான்.

> ஸ்டெபிலிட்டி ஷூ = திருத்தக் காலணி

இதற்குத்தான் என் பலமான மறுப்பு. 'திருத்தம்' என்றதும் பாதத்தில் பிழை என்று ஆகிவிடுகிறது. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே மாதிரியான சாதாரண ஓட்டக் காலணியைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் அதிகம் சாய்கிறவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. 2015இல் உடலியக்க ஆய்வாளர் பென்னோ நிக்கும் உடன் ஆய்வாளர்களும் காலுக்கு வசதியாக இருப்பதையே காலணித் தேர்வின் அளவுகோலாக முன்வைத்தார்கள். நிலைமை இப்படியிருக்க, சொல்லிலேயே மருத்துவச் சீட்டு எழுத வேண்டாமே. உள்பக்கம் கெட்டியான நுரை வைத்துத் தாங்குகிற ஷூ, ஆகவே 'தாங்கு காலணி' போதும்.

அந்தக் கெட்டி நுரைக்கு 'உள்தாங்கி' என்று எழுதப் பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி 'உட்டாங்கி' ஆகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் மன்னிப்பார்கள் என்றால் 'உள்பக்கத் தாங்கி' என்று பிரித்தே எழுதலாமா?