அலையோடும் மரமும் கிட்டாரும்: பட்டவர்கள் சொல்கிறார்கள்

கோயம்புத்தூரிலிருந்து

அலைவரி ஓடிய மரத்தில் கிட்டார் செய்தவர்கள், செய்ய முயன்று பலகையை இழந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கோவா (koa) மரப் பலகைகள் ஒரு கட்டு வாங்கினேன். ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் அது. முதுகுக்கு இரண்டு, பக்கங்களுக்கு இரண்டு, எல்லாம் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்தவை. முதுகுப் பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து வைத்தேன். நடுக்கோட்டின் இருபுறமும் அலைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. பலகையைச் சற்றுச் சாய்த்தால் இருண்டிருந்த வரி பொன்னிறமாகிறது, பொன்னிறமாக இருந்தது இருள்கிறது. மயில்கழுத்துப் பட்டு வெயிலில் நிறம் மாறுமே, அதேதான். அன்று இரவு வெகுநேரம் விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மினுக்கத்துக்குக் காரணம் சாயமோ எண்ணெயோ இல்லை. மரத்தின் நார் நேராக ஓடாமல் அலையலையாக ஓடுகிறது. நார் படுத்திருக்கும் இடத்தில் ஒளி பட்டுத் திரும்புகிறது. நுனி காட்டி நிற்கும் இடத்தில் ஒளி உள்ளே போய்விடுகிறது. அழகு அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நேர்நார் மரத்தில் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் தொடர்ந்து ஓடும். அலைநார் மரத்தை இரண்டு மில்லிமீட்டராக இழைத்தால் ஒவ்வோர் அலையிலும் நார் அறுபட்டுப் போகும். பலகையைச் சேர்த்துப் பிடித்திருப்பது துண்டு துண்டான நார்தான்.

இது எனக்குப் புத்தக அறிவாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஈட்டி மரத்தை வளைப்பதுபோலவே நன்றாக நனைத்து, சூடான குழாயில் வைத்து இடுப்பு வளைவை அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம், தீக்குச்சி ஒடிவதைவிடச் சிறியது. ஓர் அலையின் முகட்டை ஒட்டி நேர்க்கோடாக விரிசல். அதற்கு ஜோடியாக வேறு பலகை கிடையாது. ஒரே கட்டையில் பிறந்தவை அந்த நான்கும்தான்.

பக்கத்துத் தெருவில் கதவு, நிலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டம் பார்க்காமல் மரத்துக்குச் சூடு காட்டலாமா தம்பி?" என்றார். அவர் கிட்டாரைத் தொட்டதே இல்லை. ஆனால் மரத்தைத் தொட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன.

விரிசலில் பசை விட்டு இறுக்கி, உட்புறம் துணிப்பட்டை ஒட்டி அந்தக் கிட்டாரை முடித்தேன். மற்றப் பக்கத்தை வளைக்கும்போது பலகையை இன்னும் சற்று மெலிதாக்கினேன், தண்ணீரைக் குறைத்தேன், வெளிப்புறம் மெல்லிய எஃகுத் தகடு கொடுத்துத் தகட்டோடு சேர்த்தே வளைத்தேன். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். முனகாமல் வளைந்தது.

டொராண்டோவிலிருந்து

அண்ணா, உங்கள் ஆசாரி சொன்னதை என் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

என் கதை முதிரை மரத்தை, ஆங்கிலத்தில் சாட்டின்வுட் என்பதைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீட்டைத் திருத்திக் கட்டியபோது பழைய அறைக்கதவு ஒன்று கழற்றப்பட்டது. விறகுக்குப் போக இருந்த அதன் பலகைகளில் இரண்டை மாமா வேறு சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பினார். பல தலைமுறைப் புகையும் எண்ணெயும் ஏறி, பார்ப்பதற்கு வெறும் கறுப்புப் பலகை. வாள் கொடுத்து அறுத்தபோது உள்ளே தேன் நிறம். இழைத்து முடித்து வெயிலில் பிடித்தேன், மூச்சு நின்றுவிட்டது. முதிரையில் நார் ஓர் அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியும் பின்னி ஓடுகிறது. அதன்மேல் அலையும் சேரும்போது வரி நீளமாக ஓடாமல் சிறு சிறு திட்டுகளாக உடைகிறது. தேனீயின் சிறகு என்று ஆங்கிலேய மரவேலைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெரிய வீடுகளின் அலமாரிகளுக்கு இலங்கையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன மரம் இது. நாங்கள் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே வளர்ந்தோம், அதற்குள் இருந்ததைக் கண்டதில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதிரைத் தூள் தோலுக்கு ஆகாது. முதல் நாள் முகமூடி மட்டும் போட்டேன். இரண்டாம் நாள் முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. நீளக்கை உடுப்பும் தூசி உறிஞ்சியும் இல்லாமல் தொடாதீர்கள். இழைப்புளி ஓடினால் பின்னிய நார் பிய்ந்துகொண்டு வரும், உளியின் கூரும் விரைவில் போய்விடும். கடைசி அரை மில்லிமீட்டரை எஃகுத் தகட்டால் சுரண்டியே எடுத்தேன்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி காற்றை வறட்டிவிடும். யாழ்ப்பாணக் காற்றில் கிடந்த மரத்தை உடனே ஒட்டியிருந்தால் முதல் தையிலேயே பிளந்திருக்கும். ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் நிறுத்திய அறையில் ஒரு முழு ஆண்டு அடுக்கி வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

பலகையின் ஓரத்தில் கீல் ஆணி அடித்த துளை ஒன்று, சுற்றிலும் இரும்புக்கறை நீலமாகப் படிந்திருந்தது. அதை வெட்டி எறிய மனம் வரவில்லை. முதுகின் அடிப்பகுதியில் வருமாறு அளவெடுத்து, கறுப்பு மரச் சிறுவட்டத்தால் துளையை மட்டும் அடைத்தேன். கறை அப்படியே இருக்கிறது. அம்மம்மாவிடம் காணொளி அழைப்பில் காட்டினேன். "இது தெற்கு அறைக் கதவெல்லே" என்றா.

சென்னையிலிருந்து

அக்கா, படிக்கும்போதே கண் கலங்கியது. நான் வாசிப்பவன் மட்டும்தான், செய்யத் தெரியாது. அலைவரி மேப்பிள் கிட்டார் ஒன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கினேன். நண்பரின் சாதாரண மஹோகனி கிட்டார் என் காதுக்கு அதைவிட இனிமையாக இருக்கிறது. இந்த வரிகளால் ஒலிக்கு ஏதாவது உண்டா?

கோயம்புத்தூரிலிருந்து

தம்பி, நேராகவே சொல்கிறேன். வரி கண்ணுக்கானது. முதுகும் பக்கமும் ஒலிக்குக் கொஞ்சம் நிறம் கொடுக்கலாம், ஒலியைப் பிறப்பிப்பது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் முகப்பலகை. 1862இல் ஸ்பெயினில் அந்தோனியோ தோரெஸ் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, முகப்பலகைக்கு மட்டும் நல்ல மரம் போட்டு ஒரு கிட்டார் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், முதுகு, பக்க மரங்கள் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களை 52 வாசிப்பாளர்களிடம் மரம் தெரியாதபடி கொடுத்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் உட்பட எதுவும் தனித்து மேலே நிற்கவில்லை. அதனால் உங்கள் நண்பரின் கிட்டாரில் முகப்பலகையும் அதன் உட்சட்டங்களும் நன்றாக அமைந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேப்பிளை விற்றுவிடாதீர்கள். கம்பிகளை மாற்றி, ஈரப்பதம் பார்த்து, ஓர் ஆண்டு வாசித்துப் பாருங்கள்.

ஊட்டியிலிருந்து

எனக்கு வயது அறுபத்தெட்டு. கிட்டார் செய்ததில்லை. விறகு பிளந்திருக்கிறேன். கோவா என்று தம்பி எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.

இங்கே சீகை என்று பொதுவாகச் சொல்லும் மரங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாக்வுட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நட்டது. இன்று சோலைகளுக்குள்ளும் புல்வெளிகளிலும் புகுந்து பரவிவிட்டது. இப்படிப்பட்ட அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. தாவர இனத்தில் இது ஹவாய்க் கோவாவுக்கு மிக நெருங்கிய உறவு. தாஸ்மானியாவிலிருந்து இதே மரத்தை கிட்டாருக்கென்று உலகெங்கும் வாங்குகிறார்கள். பிரேசில் ரோஸ்வுட்டின் சர்வதேச வணிகத்துக்கு 1992இல் தடை வந்தது. நம் ஈட்டி மரத்தின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு, இருக்கத்தான் வேண்டும். காடே வேண்டாம் என்று சொல்லும் மரத்தை யாராவது பார்த்தீர்களா?

சென்ற மார்கழியில் என் பட்டா நிலத்தில் காற்றுக்குச் சாய்ந்த பிளாக்வுட் ஒன்றை அனுமதி வாங்கி அறுத்தோம். அடித்துண்டைக் கோடாலியால் பிளந்தபோது பிளவு நேராகப் போகவில்லை. துவைக்கும் கல்லில் அடித்த வேட்டியைப்போல் மடிப்பு மடிப்பாகத் திறந்தது. ஈரக் கையால் தடவினேன். மடிப்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, கண்ணுக்குப் பழுப்பும் பொன்னுமாக மின்னின. அடுப்புக்குப் போட மனம் வரவில்லை.

மூன்றரை அடி நீளத்தில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முனைகளில் மெழுகு பூசி, நிழலில், கட்டை வைத்து அடுக்கியிருக்கிறேன். ஊர் ஈரத்தில் காய இரண்டு ஆண்டுகளாவது ஆகும். கோயம்புத்தூர்த் தம்பி ஒருநாள் மேலே ஏறி வந்து ஓட்டம் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆசாரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.