ஓய்வு பெற்ற பந்தய கிரேஹவுண்ட்: படி ஏற பயம், தனியே விட்டால் ஊளை

மரநிழல்:
பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுத்து நான்கு நாளாகிறது. பெண், நான்கு வயது, 28 கிலோ. மிகவும் சாது. ஆனால் மாடிப்படி முன்னால் போனதும் நடுங்குகிறாள். வாசற்கதவைச் சாத்திய இரண்டாவது நிமிடமே ஊளை. அயர்ந்து தூங்கும்போது பையன் போய்த் தடவியதும் விருட்டென எழுந்து உறுமினாள், கடிக்கவில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறாள், மலமும் இளகிப் போகிறது. இதில் எதை உடனே கவனிக்க வேண்டும், எதைப் போகப்போகப் பார்க்கலாம்? கழுத்துப்பட்டை வேறு தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும் போலிருக்கிறது.

வாலாட்டி:
கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பட்டையை இன்றே மாற்றுங்கள். கிரேஹவுண்டுக்குத் தலை குறுகல், கழுத்து பருமன். மிரண்டு பின்வாங்கினால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். வாரை இழுத்தால் மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள், அகலம் 4 செ.மீ.க்குக் குறையக்கூடாது. காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் உட்கார வேண்டும். வாரை இழுத்துப் பாருங்கள்: பட்டை இறுக வேண்டும், ஆனால் இரண்டு பக்க வளையங்களும் ஒன்றையொன்று முட்டக்கூடாது. முட்டினால் அளவு தளர்வு. வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுங்கள், எதிலாவது மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும்.

நீண்டு சுருளும் வார் இந்த இனத்துக்கு வேண்டவே வேண்டாம். சில பாய்ச்சலிலேயே மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்டிவிடும் நாய் அது. வார் தீரும் இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில் இறங்கும்.

தூக்க உறுமலையும் இன்றே சரிசெய்யுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது. பந்தய நாய்களின் கொட்டிலில் தனி அறையில் தூங்கிப் பழகியவளை உறக்கத்தில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கிரேஹவுண்ட் பல நேரம் கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கும், விழித்திருப்பதாக நினைத்துத்தான் குழந்தைகள் கிட்டப் போகிறார்கள். எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்து, எழுந்து அவளாக வந்த பிறகே தடவ வேண்டும். படுக்கையில் இருக்கும் நாயிடம் குழந்தை போகக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள். உறுமியதற்காகத் திட்டாதீர்கள். அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டால் அடுத்தமுறை நேராகப் பல் படும்.

படுக்கையை ஆள் நடமாட்டமில்லாத மூலையில் போடுங்கள். குறைந்தது 10 செ.மீ. தடிமன் வேண்டும். எலும்புக்கும் தரைக்கும் நடுவே கொழுப்பே இல்லாத உடம்பு, மெல்லிய விரிப்பானால் முழங்கை காய்த்துப் புண்ணாகும்.

நாலுகால்தோழி:
படியையும் தனிமையையும் பற்றி நான் சொல்கிறேன். இரண்டுக்குமே காரணம் ஒன்றுதான்: அவள் இதுவரை அவற்றைச் சந்தித்ததே இல்லை. பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏறுவதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் முன்னால் வாரைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பின்னால் அவள் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி முதல் படியில் வையுங்கள், பிறகு அடுத்தது. பின்னங்கால்தான் கட்டைபோல விறைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளினால் இன்னும் விறைக்கும். குதிகால் மூட்டைக் கையால் மெல்ல மடக்கிப் பாதத்தைப் படியில் வைத்து, அவள் எடையை அதில் ஏற்றும்வரை பிடித்திருங்கள். நான்கைந்து படிக்குப் பிறகு கால்கள் தாமாகவே வரிசை பிடிக்கத் தொடங்கும்.

இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். மொத்தப் படியையும் ஒரே தாவலில் கடக்கப் பார்க்கும். அதனால் கடைசி இரண்டு படிகளில் மட்டும் பழக்கத் தொடங்குங்கள். மார்புப்பட்டை அணிவித்து, ஒரு படி கீழே அவளுக்குக் குறுக்காக நின்றுகொள்ளுங்கள். தினம் ஒரு படியாகத் தொடக்க இடத்தை மேலே நகர்த்தலாம். படிகளுக்கிடையே திறந்த இடைவெளி இருந்தால் பின்பக்கம் அட்டை வைத்து மறையுங்கள், பல நாய்களின் பயம் அதிலேயே பாதி போய்விடும். வழுக்கும் படிகளில் பிடிப்புப் பட்டை ஒட்டுங்கள்.

தனிமைக்குப் பொறுமை அதிகம் வேண்டும். பிறந்ததிலிருந்து நாய்க்கூட்டத்தோடு இருந்தவள் அவள். வீட்டுக்குள்ளேயே, குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவுக்கு அந்தப்பக்கம் நீங்கள் இருந்து தொடங்குங்கள். பிறகு பத்து விநாடி பார்வையிலிருந்து மறைந்து, அவள் கலங்குவதற்கு முன்பே திரும்புங்கள். நேரத்தை ஒரே சீராகக் கூட்டாமல் 30 விநாடி, 2 நிமிடம், 1 நிமிடம், 4 நிமிடம் என மாற்றி மாற்றிப் பழக்குங்கள். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது போன்றவற்றை வெளியே போகாமலேயே பலமுறை செய்தால் அந்தச் சத்தங்களுக்கு அர்த்தம் போய்விடும். கைப்பேசியை அறையில் வைத்துப் படம்பிடியுங்கள். ஊளைக்கு முன்பே மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், நடையாய் நடப்பது எல்லாம் தெரியும். அவை தெரிந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். பீதியில் இருப்பவளைக் கூண்டில் பூட்டாதீர்கள், கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். பழகி முடியும்வரை யாராவது உடனிருப்பதுதான் சரி, நடுவில் ஒருநாள் நீண்ட நேரம் தனியே விட்டாலும் பழக்கியது பின்வாங்கிவிடும்.

கொட்டில்வாசி:
இளகிய மலத்துக்குப் பெரும்பாலும் இட மாற்றமும் உணவு மாற்றமும்தான் காரணம். கொட்டிலில் என்ன தந்தார்கள் என்று கேட்டு அதையே கொடுங்கள். பிறகு புது உணவைக் கால் பங்கு, பாதி, முக்கால் என 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். தினம் இரண்டு வேளை போதும். கிண்ணத்தை 15 நிமிடம் வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள். மலத்தைக் குடற்புழுச் சோதனைக்குக் கொடுப்பது அவசியம். ரத்தம், வாந்தி, சோர்வு, இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது, இவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். வயிறு உப்பி, வாந்திக்கு முயன்று எதுவும் வராவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்வது உயிருக்கே ஆபத்து.

மருத்துவரிடம் கிரேஹவுண்ட் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சிவப்பணு அளவு மற்ற இனங்களைவிட அதிகமாகவும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் அளவும் குறைவாகவும் இருப்பது இந்த இனத்தின் இயல்பு. டி4 எண்ணை மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை ஆரம்பித்துவிடக்கூடாது. தயோபென்டால் போன்ற பார்பிட்யூரேட் மயக்க மருந்துகளை இவற்றின் கல்லீரல் மெதுவாகவே சிதைக்கும், மயக்கம் தெளிய மிகவும் தாமதமாகும். மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்யும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். கடைசி இரண்டு விலா லேசாகத் தெரிவது சரியான எடைதான்.

மரநிழல்:
எல்லோருக்கும் நன்றி. உலாவில் நடு வழியில் சிலைபோல நின்றுவிடுகிறாளே, அதற்கு?

வாலாட்டி:
இழுக்காதீர்கள், இழுத்தால் பாதங்களை இன்னும் ஊன்றிக்கொள்ளும். அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு பக்கவாட்டில் வளைந்து இரண்டடி நடந்தால் எடை ஒரு காலுக்கு மாறும், நடை தானே தொடங்கும். முதல் வாரம் ஒரே தெருவில் பத்து நிமிடம் போதும். ஒன்று விட்டுப்போயிற்று: கண்ணாடிக் கதவு இருந்தால் அவள் கண் மட்டத்தில் காகித நாடா ஒட்டுங்கள். அது கதவு என்று அவளுக்குத் தெரியாது.