மூன்று நொடி தூரத்தில் சேப்பாக்கம்

திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்தது ஏழு குடித்தனம் சேர்ந்த ஒரே வீடு. தெருவாசலில் நுழைந்தால் நீண்ட ரேழி, அதைத் தாண்டி முற்றம், முற்றத்தைச் சுற்றி ஆளுக்கு ஒன்றரை அறை. தண்ணீருக்கு வாசலில் ஒரே ஒரு அடிபம்பு. விடியற்காலை நாலு மணிக்கு அது கறக் கறக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் அந்த வீட்டில் எல்லோருக்கும் விடிந்துவிட்டது என்று அர்த்தம். 1983 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது நூறு அடி அடித்தால் ஒரு குடம் நிறையும். அம்மா ஐம்பது, நான் ஐம்பது. கடைசிக் குடித்தனத்து மாமிக்கு முதுகு முடியாது என்பதால் அவருடைய குடத்தையும் நானே அடிப்பேன். பதிலுக்கு மாமி, புரட்டாசி சனிக்கிழமைகளில் பார்த்தசாரதி கோயில் கூட்டத்தில் நின்று வாங்கி வரும் பிரசாதத்தில் ஒரு உருண்டையை எனக்கென்று இலையில் மடித்து வைத்திருப்பார்.

அந்த வருடம் ஜூனில் நான் எட்டாவது. புதுப் புத்தகம் வாங்கும் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்னால் அம்மா புடவை முந்தானையிலிருந்து பணத்தை அவிழ்த்துக் கையில் வைத்து, "பக்கம் எல்லாம் இருக்கான்னு பாத்து வாங்குடா" என்று சொல்லி அனுப்புவார். போக வேண்டிய இடம் பைகிராப்ட்ஸ் ரோடு. பாரதி சாலை என்று பெயர் மாறிய பிறகும் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாரதியார் குடியிருந்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டை தினமும் தாண்டித்தான் போவோம், வருவோம். அவர் பெயரை ரோட்டுக்கு வைத்தது நியாயம்தான். ஆனால் நாக்கு பழகியது பழகியதுதான்.

அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த நடைபாதையின் ஜூன் மாதம் கண்டிப்பாக நினைவிருக்கும். மழை வரும் போல இருக்கும், வராது. கோணிப்பை விரித்து, அதன்மேல் வகுப்புவாரியாகப் புத்தகங்கள். ஒரு பக்கம் கோனார் தமிழ் உரைகள், இன்னொரு பக்கம் கணக்குக்கான கிளார்க்ஸ் டேபிள் என்ற அட்டவணைப் புத்தகம். போன வருடப் புத்தகத்தைக் கொடுத்தால் கால் விலை, அடுத்த வகுப்புப் புத்தகத்தை எடுத்தால் பாதி விலை. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவை விசிறினாலே எத்தனை பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம்கூடத் தப்பியதில்லை.

"இன்னா தம்பி, இந்த வருசம் எட்டாவதா? ஒரு செட்டு கீது. புதுசாட்டம் கீது, ஆனா பையன் பென்சில்ல கிறுக்கிட்டான்" என்று ஒரு கட்டை எடுத்துப் போட்டார். பழுப்புக் காகித அட்டை, லேபிள், உள்ளே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பெயர். கிறுக்கியிருந்ததால் இரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிதான் தெரிந்தது, அது கிறுக்கல் இல்லை என்று. ஓரங்களில் எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில் எழுத்து. கணக்குப் புத்தகத்தில் ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடும் இடத்தில் எல்லாம் இடையில் விட்டுப்போன படி எழுதியிருந்தது. வரலாற்றில் "இந்த வருடத்தை மறக்காதே, இரண்டு தடவை கேட்டார்கள்." ஒரு பக்கத்தில் வெறுமனே "புரியவில்லை." அதற்குக் கீழே வேறு நாள் எழுதியதுபோலக் கொஞ்சம் கூர்மையான பென்சிலில், "புரிந்தது. படத்தைத் தலைகீழாகப் பார்."

தலைகீழாகப் பார்த்தேன். எனக்கும் புரிந்தது!

ட்யூஷன் வைக்க வசதியில்லாத வீட்டில் அந்தப் பென்சில் எழுத்து எனக்கு என்னவாக இருந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து, அவனும் தடுமாறி, எழுந்து, அப்புறம் எனக்குக் கை கொடுக்கிற மாதிரி. அந்த வருடம் அக்டோபரில் விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். பெரிய தெரு இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், அப்புறம் கடற்கரை மாநிலக் கல்லூரி. எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்கள்கூட அதையே பேசினார்கள். எனக்கு மட்டும் அப்போது தோன்றியது, அந்தப் பென்சில் பையனும் அப்படி வருவான் என்று.

அடுத்த ஜூனில் கடைக்காரரிடம் நானே கேட்டேன், அதே பையனின் ஒன்பதாவது வந்திருக்கிறதா என்று. அவர் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்காகத் தனியே வைத்திருந்தாராம். அந்த வருட அறிவியல் புத்தகத்தில் ஒலி பற்றிய பாடத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததை இப்போதும் வரி மாறாமல் சொல்வேன். "ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிப் பார்க்கவும்." அதற்குக் கீழே, "எண்ணினேன். 4 நொடி. கடல் மேல் இடிக்கிறது." அந்த ஐப்பசி முழுக்க மொட்டை மாடியில் நின்று நானும் எண்ணினேன். மாமி கீழேயிருந்து, "இடி மின்னல்ல மாடியில என்னடா வேலை, எறங்கு" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

பத்தாவது செட்டும் கிடைத்தது. ஆனால் அதில் பென்சில் குறைந்திருந்தது. பாதிப் புத்தகத்துக்கு மேல் ஓரங்கள் காலி. அறிவியல் புத்தகத்தின் கடைசி உள்ளட்டையில் பாடம் இல்லாத ஒரு கணக்கு இருந்தது. வாடகை, பால், அரிசி, தங்கை ஃபீஸ், அம்மா மருந்து என்று வரிசையாக எழுதிக் கூட்டி, மேலே ஒரு தொகையிலிருந்து கழித்திருந்தது. கழித்து வந்த விடைக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. அதை மூன்று தடவை அடித்துத் திரும்ப எழுதியிருந்தது. அதே கையெழுத்து. பதினைந்து வயதில் நான் அதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

1986 ஜூனில் ப்ளஸ் ஒன் புத்தகத்துக்குப் போனபோது செட்டு இல்லை. "அந்தப் பையன் படிப்ப நிறுத்திட்டான் தம்பி. அவங்க அப்பா தவறிட்டாரு. பைண்டிங் கடைல கீறான்" என்றார் கடைக்காரர். கடை எங்கே என்று கேட்டேன். பெரிய பள்ளிவாசல் பக்கம், சந்துக்குள் என்றார். வாலாஜா பள்ளிவாசலைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். 1795இல் கட்டியது. அதன் வெளி முற்றத்தில் மாலையில் புறா இறங்குவதைப் பார்க்க எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். அதற்குப் பின்னால் நாலாவது சந்தில்தான் என் வாத்தியார் இருக்கிறார் என்று தெரிந்தும் உடனே போகவில்லை. போய் என்ன சொல்வது? உன் புத்தகத்தில் படித்துப் பாஸ் செய்தேன் என்று, படிப்பை விட்டவனிடம் எப்படிச் சொல்வது? மூன்று மாதம் தள்ளிப் போட்டேன்.

போனது செப்டம்பர் 22, திங்கட்கிழமை. தேதி மறக்காததற்குக் காரணம் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் அன்று இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். டீன் ஜோன்ஸ் அந்த வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போன அதே டெஸ்ட். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 அடிக்க வேண்டும். மதியத்திலிருந்தே எங்கள் வகுப்பில் யாரும் பாடம் கவனிக்கவில்லை, ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. மணி அடித்ததும் என் கிளார்க்ஸ் டேபிளை எடுத்துக்கொண்டேன். முதுகு பிய்ந்திருந்தது. பைண்டிங் என்ற சாக்கு இருந்தால் போய் நிற்கலாமே.

கடை என்பது ஒரு படிக்கட்டின் அடிப்பகுதி. உள்ளே பாய் ஒருவர் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து ஒருவர் புத்தக முதுகில் ஊசி கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தகர டப்பாவில் மைதா பசை. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியதால் லேசாக நீலம் பாரித்திருந்தது. அவர் விரல் நுனியெல்லாம் அதே நீலம். என்னைவிட ஒரு வயதுதான் கூட இருக்கும். ஆனால் பார்த்த நிமிடமே 'அவன்' போய் 'அவர்' ஆகிவிட்டார்.

அலமாரியில் டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஓவர்கள். நான் கிளார்க்ஸ் டேபிளை நீட்டினேன். வாங்கி, விசிறிப் பார்த்து, "ரெண்டு நாள் ஆவும்" என்றார். நான் போகாமல் நின்றேன். அப்புறம் எப்படியோ வாயைத் திறந்து, "ஒலி ஒரு நொடிக்கு 340 மீட்டர்" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் ஒன்பதாவது புக்கு உங்கிட்டயா கீது?"

"எட்டாவது, பத்தாவதும் எங்கிட்டதான்ணா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிரான்சிஸ்டரில் சத்தம் எழுந்தது, ரவி சாஸ்திரி அடித்திருக்கிறார். அவர் சட்டென்று நீல விரலைத் தூக்கி, பேசாதே என்பதுபோல் காட்டினார். விரலால் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. கூரைகளுக்கு மேலே, கடற்கரைப் பக்கமிருந்து ஆயிரமாயிரம் பேரின் கத்தல் நிஜமாகவே வந்து சந்துக்குள் இறங்கியது.

"ரேடியோவுல உடனே வந்துரும். நெசம் மூணு நொடி லேட்டு" என்றார். "ஒரு கிலோமீட்டர். அஞ்சு நாளா எண்ணிப் பாக்கறேன். சரியா வருது."

வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு பாயும் வந்து நின்றார். கடைசி ஓவர், கையில் ஒரே விக்கெட், நாலு ரன் வேண்டும். பந்து போடுவது கிரெக் மேத்யூஸ். சாஸ்திரி இரண்டு எடுத்தார். எண்ணினோம், வந்தது. ஒன்று எடுத்து சமமாக்கினார். எண்ணினோம், வந்தது. மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ., அவுட். ரேடியோவில் குழப்பம். நாங்கள் மூன்று பேரும் விரலை நீட்டியபடி நின்றோம். மூன்றாவது நொடியில் வந்தது முன்னால் கேட்ட சத்தம் மாதிரி இல்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் ஒரு ஊரே மூச்சை விட்ட மாதிரி இருந்தது. டை என்றால் என்னவென்று பாய் கேட்டார். ஆட்டம் முடியும்போது இரண்டு பக்கமும் ரன் சமம், யாருக்கும் ஜெயிப்பு இல்லை என்றோம். 1960இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு தடவை நடந்திருக்கிறது, டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டாவது என்று அண்ணன்தான் சொன்னார். பாய் எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

டீ குடிக்கும்போதுதான் அண்ணன் கேட்டார், "கணக்கு புக்குல எழுபதாம் பக்கத்துக்கு மேல ஒரு இடத்துல தப்பா போட்டிருந்தேன். பாத்தியா?"

பார்த்திருந்தேன். திருத்தியும் வைத்திருந்தேன். சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததே, அதை என்னவென்று சொல்ல! படிப்பை விட்டு ஒன்றேகால் வருடமாக அந்தத் தப்பு அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் வாரத்தில் மூன்று நாளாவது அங்கே போனேன். ப்ளஸ் ஒன் பாடத்தில் நான் திணறும் இடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். தைத்துக்கொண்டே கேட்பார். கேள்வி கேட்பார். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட பாய், யாராவது வாடிக்கையாளர் வந்தால் "கொஞ்சம் இருங்க, பசங்க படிக்கிறாங்க" என்று தானே எழுந்து போய் வேலையை வாங்குவார். அவரை நான் நன்றாக நினைத்துக்கொள்கிறேன்.

1987 ஜூனில் என் புத்தகங்களை பைகிராப்ட்ஸ் ரோட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கட்டி, தூக்கி, சந்துக்குள் கொண்டு போய்க் கொடுத்தேன். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது, கால் விலைக்கு வர வேண்டிய என் புத்தகங்கள் போய்விட்டதே என்று அவர் வருத்தப்படவில்லை. ஒரு கோனார் உரையை எடுத்து, "இதயும் அந்தத் தம்பிகிட்ட குடு" என்றார். அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் அந்த வருடம் முழுக்க நான்தான் பென்சிலால் எழுதியிருந்தேன், அவர் படிப்பார் என்று. அடுத்த வருடம் அவர் தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதினார். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார். இன்று பாயின் கடை அவருடையது. இடமும் மாறிவிட்டது. எங்கள் ஏழு குடித்தன வீடு இருந்த இடத்தில் மேன்ஷன் நிற்கிறது.

அந்த ஒன்பதாவது அறிவியல் புத்தகம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் காலிகோ துணி போட்டு அவர் கையாலேயே பைண்ட் செய்து கொடுத்தது.

நான் இப்போது இருப்பதும் சேப்பாக்கத்துக்குப் பக்கம்தான். ராத்திரி ஆட்டம் நடந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்ப்பேன். இப்போதெல்லாம் முறை மாறிவிட்டது. முதலில் ஜன்னல் வழியாகக் கத்தல் வருகிறது, பந்து வீச்சாளர் டிவியில் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கிறார். டிவி படம்தான் இப்போது சில நொடி லேட்டு. முதல் தடவை இதைக் கவனித்த உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். "இருடா, வைக்காத, எண்ணு" என்றார். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த விக்கெட்டுக்காகக் காத்திருந்தோம்.