கரையில் கறுத்த மண் – அரிய உலோகமா, வெறும் இல்மனைட்டா?

வாடிக்காரன்:
கிழக்கிலங்கையில் திருக்கோவிலுக்குக் கிட்ட எங்கட கரைவலை வாடி (மீன்பிடிக் கொட்டில்) இருக்கிறது. மாரிக் கடல் அடித்து ஓய்ந்ததும் வாடிக்கு முன்னால் கறுத்த மண் பட்டை பட்டையாக வந்து கிடக்கும், இந்த முறை ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. சின்ன வயதிலிருந்து பார்க்கிற மண்தான், உச்சி வெயிலில் வெறுங்காலோடு மிதிக்க ஏலாது. போன கிழமை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இரண்டு பை அள்ளிக்கொண்டு போனார். இது கைபேசிக்கும் மின்சாரக் காருக்கும் போகிற அரிய உலோகம், காணியை எனக்கே எழுதித் தாருங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா பாதி நம்பிவிட்டார். இது இல்மனைட்தானே? வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

கல்லும் மண்ணும்:
தம்பி, முதலில் மாமாவை எதிலும் கையெழுத்து வைக்க விடாதீர்கள். காணி உங்களுடையது என்றாலும் அதிலுள்ள கனிமம் அரசுக்குத்தான் சொந்தம், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தேடிப் பார்ப்பதற்கே புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும்.

மண் விஷயம். கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட்தான், அதாவது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒக்சைட்டு. பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கும் தூள் அதிலிருந்துதான் வருகிறது. அந்த ஆள் சொல்கிற அருமண் உலோகங்கள் (நியோடிமியம், சீரியம் எல்லாம்) மொனசைட் என்ற மஞ்சள் கலந்த குருணியில் இருக்கும். திருகோணமலைப் பக்கம் புல்மோட்டையில் கனிம மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட் என்றால், மொனசைட் 1 வீதம்கூட வராது.

சோதனை: ஒரு பிடி மண்ணைச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி ஊற்றுங்கள், வெள்ளை மணல் போய்க் கறுப்பு அடியில் தங்கும். வெள்ளை மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு பாரம், இல்மனைட் 4.7 மடங்கு. காயவைத்துச் சாதாரணக் காந்தத்தைக் காட்டினால் மக்னடைட் என்ற இரும்பு ஒக்சைட்டு ஒட்டும். பிறகு பழைய ஹார்ட் டிஸ்கிலுள்ள காந்தத்தை பொலித்தீன் பையில் சுற்றிக் காட்டுங்கள், இல்மனைட்டும் எழும்பி வரும். (அந்தக் காந்தமே நியோடிமியத்தில் செய்ததுதான்.) மிச்சத்தில் கண்ணாடி மாதிரி மினுங்குவது சிர்க்கோன் என்ற கனிமமாக இருக்கலாம்.

கதிரவெளி அக்கா:
மேலே கறுப்பாகக் கிடப்பதைப் பார்த்து ஒருவரும் ஏமாற வேண்டாம். சுளகில் புடைக்கிற மாதிரி அலை பாரமில்லாத மணலை இழுத்துக்கொண்டு போய்ப் பாரமானதை விட்டுவைக்கிறது, கீழே தோண்டினால் வெள்ளை மணல் வரலாம். ஒழுங்கான ஆய்வு என்றால் கட்டம் போட்டு, கையால் சுழற்றும் ஓகரால் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் எடுத்து, புரோமோபோர்ம் என்ற பாரமான திரவத்தில் போடுவார்கள். வெள்ளை மணல் மிதக்கும், பாரமானது அடியில் போகும், பிறகு நுணுக்குக்காட்டியில் மணி மணியாக எண்ண வேண்டும். இரண்டு பையை அள்ளிக்கொண்டு போய் எவரும் படிவின் அளவைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் ஆட்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக ரோட்டில் இறங்கினதை மறக்கக் கூடாது. கரையைக் கிண்டினால் கடல் சும்மா இருக்குமா?

பழைய வாத்தி:
கிண்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன் பிள்ளை, யார் கிண்டுகிறார், குழியை யார் மூடுகிறார் என்பதுதான் என் கேள்வி. மொனசைட்டில் தோரியமும் உண்டு, கதிர்வீச்சு உள்ள சாமான், பிரித்துக் குவித்து வைத்தால்தான் கூடுதல் கவனம். முன்பு கலியாண வீட்டில் எரித்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டலில் (ஒளி விடும் வலைப்பையில்) இருந்ததும் தோரியம்தான். மொனசைட்டை உலகம் முதலில் தேடினதே அந்த மென்டலுக்காகத்தான், 1909இல் தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கரையில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்ததும் அப்படித்தான். இங்கே ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிம அளவையில் இருந்த காலத்தில், 1904இல், தோரியனைட் என்ற புதுக் கனிமத்தையே கண்டுபிடித்தார். கலை பற்றி எழுதினவர் என்றுதான் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

வாடிக்காரன்:
நன்றி எல்லோருக்கும். செய்து பார்த்தேன். சாதாரணக் காந்தத்தில் கொஞ்சம்தான் ஒட்டினது, ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் மயிர்க்கொட்டி மாதிரி அப்பிக்கொண்டு வந்தது, அப்போ இல்மனைட்தான். மிச்சம் ஒரு தேக்கரண்டிகூட இல்லை, மாமா அதைக் கடதாசியில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறார். பொலித்தீன் சுற்றச் சொன்னதை மறந்துவிட்டேன், காந்தத்தில் ஒட்டின மண்ணை எப்படி எடுப்பது?